ஆட்டப் பலகையில் அருணை

சென்ற கோடை விடுமுறையில், ரமணாசிரமத்தை அடுத்த செங்கம் சாலையில் ஒரு தேநீர்க் கடையின் மரப்பலகையின்மீது நாங்கள் நால்வர் நாடோறும் மாலையிற் கூடி, இன்னும் பிறவாத பிள்ளை ஒன்றிற்குப் பெயரும் சீரும் பேசிக்கொண்டிருந்தோம். பிள்ளை என்றது ஒரு கணினி விளையாட்டை. அது 2025-ஆம் ஆண்டு நவம்பர் 4-ஆம் நாள் பிறந்தது. அதனை இயக்கவல்ல கணினி எங்கள் நால்வருள் ஒருவர் வீட்டிலும் அன்று இல்லை, இன்றும் இல்லை என்பதை முன்னரே சொல்லிவிடுதல் நன்று. ஆயினும் கையில் இல்லாத பொருளைப் பற்றி வழக்காடுவதில் உள்ள சுவை, கையிலுள்ள பொருளில் இல்லையன்றோ? எங்கள் பேச்சு விளக்கேற்றும் வேளையையும் கடந்து நீளும். கிரிவலம் செல்வோர் காதில் "யானை," "கப்பல்," "வரி," "மதுரை," "எல்லை" என்னும் சொற்கள் விழுந்திருக்கும். அவருள் எவரேனும் எங்களை நிலத் தரகர் என்று எண்ணியிருந்தாலும் வியப்பில்லை. அப்பகுதியில் இக்காலத்து அத்தொழிலே மிகுதி.

இவ்வகை விளையாட்டை வரலாற்று வியூக ஆட்டம் எனலாம். நம் பாட்டனார் திண்ணையில் மூன்று புலியும் பதினைந்து ஆடும் வைத்து ஆடியதை, இவர்கள் ஒரு பேரரசு அளவிற்கு விரித்திருக்கிறார்கள். ஆடுவோன் ஒரு நாட்டின் பொறுப்பை ஏற்கிறான். வரி தண்டுதல், களஞ்சியம் நிரப்புதல், மணவினையால் உறவு கொள்ளுதல், தூது விடுதல், போர் தொடுத்தல் எல்லாம் அவன் கையில். ஒரு நாட்டை ஐந்நூறு ஆண்டுகள் நடத்திச் செல்ல அவனுக்குப் பல வாரங்கள் பிடிக்கும். யான் குறித்த ஆட்டத்தின் பெயர் "யூரோப்பா யூனிவர்சாலிஸ்". அதன் ஐந்தாம் பாகம் இது. ஸ்வீடன் தேசத்துப் பாரடாக்ஸ் கம்பெனியாருக்காக, ஸ்பெயினில் பார்சிலோனா நகரத்திற்கு அண்மையில் உள்ள அவர்தம் கூடம் ஒன்று இதனைச் செய்தது. பெயரில் ஐரோப்பா இருப்பினும் உலகம் முழுவதும் படத்தில் உண்டு. பெயரைக் கண்டு சினந்த நண்பர் ஒருவருக்கு, முதலில் ஊரைத் தேடும், பிறகு பெயரைத் திருத்தலாம் என்று விடை கூறினோம்.

ஊர் என்றது எங்கள் ஊரை. 2013-இல் வந்த நான்காம் பாகத்தின் கதை 1444-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் தொடங்கியது. அவ்வாண்டில் திருவண்ணாமலை விஜயநகரத்தின் ஆட்சிக்குட்பட்ட பல தலங்களுள் ஒன்று. ஆட்டத்தில் அதற்குத் தனிச் சிறப்பு யாது? புதிய பாகமோ 1337-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் தொடங்குவது. 2024-ஆம் ஆண்டின் தொடக்கத்திலிருந்தே அதனைச் செய்வோர் வாரந்தோறும் தம் வேலையை விளக்கியும், நாடுகளின் படங்களை ஒவ்வொன்றாக வெளியிட்டும், "பிழை கண்டால் சொல்லுங்கள், சான்று தாருங்கள்" என்று உலகத்து ஆட்டக்காரரை எல்லாம் கேட்டு வந்தனர். கேட்டபடியே பல படங்களைத் திருத்தவும் செய்தனர். ஆண்டினைக் கண்டதும் எங்களுக்கு மெய்சிலிர்த்தது. 1337-இல் ஒரு பேரரசன் உறைந்த நகரம் அன்றோ திருவண்ணாமலை!

இதனை அறியாத நேயர்க்குச் சிறிது விளக்குவேன். போசள மன்னன் மூன்றாம் வல்லாளனுடைய பழைய தலைநகர் கன்னட நாட்டுத் துவாரசமுத்திரம், இன்றைய ஹளேபீடு. 1311-இல் மாலிக் காபூரின் படை அதனைப் பணிவித்தது. 1320-களின் இறுதியில் முகம்மது பின் துக்ளக்கின் படை மீண்டும் வந்து பாழாக்கியது. மன்னன் அழிந்த நகரை விட்டுத் தெற்கே வந்தான். 1328-ஆம் ஆண்டளவில் தொடங்கி அவன் அருணையில் இருந்து ஆண்டதைக் கல்வெட்டுகள் கூறுகின்றன. உண்ணாமலைப் பட்டணம் என்றும் அருணசமுத்திரம் என்றும் ஊர் அழைக்கப்பெற்றது. தெற்கே மதுரையில், 1335-இல் டில்லிக்கு எதிராகக் கிளர்ந்து தனியரசு நிறுவிய சுல்தான். வடக்கே துங்கபத்திரைக் கரையில், 1336-இல் தோன்றியதென மரபாகச் சொல்லப்பெறும் விஜயநகரம். எம் மாவட்டத்திலேயே படைவீட்டில் சம்புவராயர். இத்தனைக்கும் நடுவே முதுமை எய்திய வல்லாளன், நான்கு திக்கும் பார்த்துக்கொண்டு மலையடிவாரத்தில் அமர்ந்திருந்தான். ஆட்டம் தொடங்குவதற்கு இதனினும் நல்ல நாள் கிடைக்குமா?

இனி, எங்கள் ஆசைகளைச் சொல்லுவேன். முதலில் பிறர் ஆசைகளையும் சொல்ல வேண்டும். ஏனெனில் தமிழர் இவ்வகை ஆட்டங்களிற் புகுந்தது நேற்றுத்தான். "ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்" என்னும் புகழ்பெற்ற ஆட்டத்தின் இரண்டாம் பாகம் 1999-இல் வந்தது. அதில் பாரத நாட்டார் இடம்பெற 2013 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அப்பொழுதும் இமயம் முதல் குமரி வரை எல்லாரையும் "இந்தியர்" என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டனர். ஆட்டக்காரர் பலகாலம் முறையிட்ட பின்னர், 2022-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் அந்த மூட்டை அவிழ்க்கப்பட்டது. வங்காளர், கூர்ச்சரர், திராவிடர் என மூவர் புதிதாய் வந்தனர். பழைய "இந்தியர்" இந்துஸ்தானியர் ஆயினர். இராசேந்திர சோழனுக்கென ஒரு போர்க்கதையும் சேர்ந்தது. 2025-ஆம் ஆண்டு பெப்ரவரியில் வந்த "சிவிலைசேஷன்" ஏழாம் பாகத்தில் சோழர் ஒரு தனி நாகரிகமாகவே உளர். இவற்றைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. எங்கோ ஒரு நாட்டுச் சிறுவன் தன் அறையில் அமர்ந்து இராசேந்திரன் என்னும் பெயரை உச்சரிக்கிறான் என்றால் யார் மகிழமாட்டார்?

ஆயினும் தமிழ் படிப்பவனுக்குச் சில இடங்களில் நாக்கு இடறும். "ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்" ஆட்டத்தில் திராவிடருக்குரிய தனிப்பெரும் போர்க்கப்பலின் பெயர் "திரிசடை." அசோகவனத்தில் சீதைக்கு ஆறுதல் சொன்ன வீடணன் மகள் எப்பொழுது கப்பலானாள் என்று எங்கள் வகுப்பில் ஒருவர் கேட்டார். எவரும் விடை சொல்லவில்லை. சுருள்வாள் வீரர் வந்தனர், யானைகள் வந்தன, கப்பல்கள் வந்தன. வந்தவை யாவும் வெட்டுவன, மிதிப்பன, மூழ்கடிப்பன. ஆட்டக்காரர் கேட்டவையும் பெரும்பாலும் அவையே.

எங்கள் பலகையிலும் அதுவே நடந்தது. முதல் நண்பர், வல்லாளனுக்குக் குறைந்தது இரண்டாயிரம் யானை வேண்டும் என்றார். எங்கிருந்து அத்தொகை வந்தது என்று கேட்டதற்கு, "குறைந்தது" என்று சொன்னேனே என்றார். அடுத்த மூடன் யான்தான். ஆட்டத்தின் படத்தில் அருணையைக் குறிக்கக் கீழைக் கோபுரத்தையே வைக்க வேண்டும், 217 அடி உயரமும் பதினொரு நிலையும் உடைய கோபுரத்தைக் காட்டினால் உலகம் வாய்பிளக்கும் என்று அரைமணி நேரம் முழங்கினேன். வீட்டிற்குத் திரும்பும் வழியில் நெஞ்சு சுட்டது. அக்கோபுரம் கிருஷ்ணதேவராயர் தொடங்கி, தஞ்சைச் செவ்வப்ப நாயக்கர் காலத்தில் முடிந்தது, 16-ஆம் நூற்றாண்டினது. 1337-இல் அது நின்ற இடத்தில் வானம் நின்றது. வல்லாளன் பெயரால் வழங்கும் கோபுரம் உள்ளே நான்காம் பிராகாரத்தின் வாயிலில் நிற்கிறது, அது சிறியது. பெரியதைக் காட்டி மகிழ வேண்டுமென்ற வேட்கையில், அவனுடையதை விட்டு அவன் காணாததைக் கேட்டேன். தமிழ்ச் சிறப்பு வகுப்பில் கல்வெட்டியல் பாடம் படிப்பவன் செய்த பிழை இது. மறுநாள் நண்பரிடம் ஒப்புக்கொண்டேன். அவர்கள் அதனை இன்னும் மறக்கவில்லை.

மூன்றாம் நண்பர் தாம் மதுரைச் சுல்தானாக ஆடப்போவதாகச் சொன்னார். அவர் இசுலாமியர், என்னுடன் ஐந்தாம் வகுப்பு முதல் படித்தவர். அதுவரை சிரிப்பாக இருந்த பேச்சு அங்கே சிறிது நின்றது. யானைகள் கேட்ட நண்பர், "அப்படியானால் நீர் எங்கள் அரசரைக் கொல்லப் போகிறீர்" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் "எங்கள்" என்ற சொல் சற்றுக் கடிதாய் விழுந்தது. தேநீர் ஆறியது. அன்று எவரும் இரண்டாம் கோப்பை வாங்கவில்லை.

இவ்விடத்தில்தான் இக்கட்டுரையின் கருத்து எனக்குப் பிறந்தது. ஆட்டம் செய்வோர் வாயில் திறந்து "சான்று தாருங்கள்" என்று கேட்கிறார்கள். நாம் கொண்டுபோய்க் கொடுப்பது பெருமையாக இருந்தால், அப்பெருமை இரு நண்பருக்கிடையே வந்து அமரும். மெய்யைக் கொடுத்தால் அங்ஙனம் ஆகாது. ஏனெனில் மெய் ஒருவர் பக்கமும் முழுதும் சாய்வதில்லை.

வல்லாளன் இறுதிப் போரையே எடுத்துக்கொள்வோம். அதைப் பற்றிய விரிவான செய்தியைத் தந்தவர் மொராக்கோ நாட்டு யாத்திரிகர் இப்னு பதூதா. அவர் பின்னர் மதுரைச் சுல்தான் கியாசுத்தீனிடம் விருந்தினராய் இருந்தவர். இருவரும் உடன்பிறந்த மங்கையரை மணந்தவர்கள். 1342-ஆம் ஆண்டளவில் வல்லாளன் காவிரிக்கு வடகரையில் கண்ணனூரை முற்றுகையிட்டான். அவன் படை ஒரு லட்சத்திற்கு மேல் என்கிறார் இப்னு பதூதா. அவ்வளவோடு நிற்கவில்லை, அப்படையில் ஏறத்தாழ இருபதினாயிரம் முஸ்லிம்களும் இருந்தனர் என்கிறார். அவர்களைப் போக்கிரிகள், ஓடிவந்த அடிமைகள் என்று இகழ்ந்தாலும், தொகையை மறைக்கவில்லை. எண்ணிப் பாருங்கள். மதுரைக்கு எதிராக நின்ற படையில் இருபதினாயிரம் இசுலாமியர்! அந்த மதுரையோ டில்லியின் இசுலாமிய அரசனை எதிர்த்துப் பிரிந்த நாடு. "எங்கள் அரசர்," "உங்கள் அரசர்" என்று 1342-இல் சொல்லியிருந்தால் கேட்டவன் எந்த அரசர் என்று திரும்பக் கேட்டிருப்பான்.

கோட்டைக்குள் இருந்தவர் பட்டினி கிடந்து சமாதானம் வேண்டினர். சுல்தானிடம் இசைவு கேட்க அவர்களுக்குப் பதினான்கு நாள் தவணை அளித்தான் வல்லாளன். செய்தி மதுரையை எட்டியது. சுல்தான் மிகச் சிறிய படையுடன் விரைந்து வந்து, நடுப்பகல் உறக்க வேளையில் பாசறையின் மேல் விழுந்தான். வல்லாளன் வீரர் தம் குதிரைகளை மேய விட்டிருந்தனர். வருவோர் திருடரென்று எண்ணி ஒழுங்கின்றி எழுந்தனர், சிதறினர். எண்பது வயதுக் கிழவன் சிறைப்பட்டான். அவன் பொருளையெல்லாம் பறித்துக்கொண்டபின் அவனைக் கொன்று, தோலில் வைக்கோல் திணித்து, மதுரை மதிலில் தொங்கவிட்டனர். அது தொங்கியதை நானே கண்டேன் என்று எழுதுகிறார் இப்னு பதூதா. அந்தச் சுல்தான் பெண்டிர்க்கும் குழந்தைகட்கும் செய்த கொடுமையைக் கண்டு, வேறெந்த அரசனிடமும் இத்தகைய இழிசெயலைக் கண்டதில்லை என்று கண்டித்து எழுதியவரும் அவரே; சுல்தானின் விருந்தினர், அவன் உறவினர், அவன் சமயத்தினர். அதன்பின் மதுரையில் கொள்ளை நோய் புகுந்து மக்களை வாரிச் சென்றதையும் குறித்துள்ளார்.

இதனை மறுநாள் பலகையில் விரித்துச் சொன்னேன். யானை நண்பர், "ஒரு லட்சம் பேர் இருந்துமா?" என்று மட்டும் கேட்டார். ஒரு லட்சம் பேர் இருந்தும்தான். இரண்டாயிரம் யானை சேர்த்தாலும், குதிரைகள் மேய்ந்துகொண்டிருந்தால் முடிவு அதுவே. ஆகையால் ஆட்டத்தில் நாம் கேட்க வேண்டியது எண்ணிக்கை அன்று. கொடுத்த தவணை, செய்தி நடக்கும் வேகம், உச்சிவெயில், புல். இவற்றையே கேட்க வேண்டும். மதுரை நண்பர் சிரித்து, சுல்தானாக ஆடினால் இந்தக் கொடுமைகளுக்கும் தாம் பொறுப்பேற்க வேண்டுமோ என்றார். ஏற்க வேண்டும்படி ஆட்டம் அமைந்தால் அதுவே நல்ல ஆட்டம் என்றேன். வென்றவன் செய்ததும் கணக்கில் ஏற வேண்டும்.

நிற்க. போர் ஒரு நாள். அதற்கு முன்னும் பின்னும் ஊர் உண்டு அல்லவா? இந்த ஆட்டத்தைச் செய்தவர் அதனை மறக்கவில்லை என்பது அவர் வெளியிட்ட விளக்கங்களால் தெரிந்தது. ஒவ்வோர் ஊரிலும் குடிகள் எத்துணையர், அவர் மொழி யாது, சமயம் யாது, என்ன விளைகிறது, எச்சந்தைக்குச் செல்கிறது என்றெல்லாம் கணக்கிடுகிறார்கள். தலைநகரிலிருந்து தொலைவு மிகுமளவும் அரசன் ஆணை வலி குன்றுமாம். இது மிக நல்ல விதி. துவாரசமுத்திரத்தை இழந்தவன் ஏன் அருணையில் வந்து உட்கார்ந்தான் என்பதற்கு இவ்விதியே பாதி விடை. அவனுடைய தமிழ்நாட்டு நிலங்கட்கும் கன்னட நிலங்கட்கும் இடையே நிற்கும் ஊர் இது. தலைநகரை மாற்றுதல் தோல்வியின் அடையாளம் என்று மற்ற ஆட்டங்கள் கருதும். வல்லாளனுக்கோ அதுவே உயிர் பிழைக்கும் வழி.

ஆனால் இக்கணக்கில் நம் நாட்டிற்கென நாம் எடுத்துச் சொல்லாவிடில், ஸ்பெயினில் இருப்பவருக்குத் தெரிய வழியில்லாத பொருள்கள் உள. அவற்றுள் தலையாயது ஏரி.

ஐரோப்பாவின் விளைநிலம் மழையை நேரே உண்ணுவது. எகிப்தும் தஞ்சையும் ஆற்றை உண்ணுபவை. எங்கள் ஊர்ப் பக்கத்து நிலமோ ஏரியை உண்ணுவது. பாலைவனம் அன்று, மழை உண்டு. ஆனால் ஐப்பசி கார்த்திகையில் கொட்டி ஓடிவிடும். அதனைக் கரை கட்டி நிறுத்தினால் ஊர், நிறுத்தாவிடில் முட்செடி. ஆசிரமத்திலிருந்து சிறிது நடந்தால் சமுத்திரம் ஏரி. பெயரே சொல்கிறது, கண்டவர் அதனைக் கடலென்றனர். எங்கள் வீட்டுப் பின்புறத்துக் கிணற்றில் நீர் ஏறுவதும் இறங்குவதும் ஏரியின் நிலையைப் பொறுத்தது. என் அன்னையார் பஞ்சாங்கம் பாரார், கிணற்றைப் பார்ப்பார். ஏரி ஒரு முறை வெட்டி முடியும் பொருளன்று. ஆண்டுதோறும் வண்டல் படியும். தூர் எடுக்க வேண்டும். கரை கரையும், மண்ணிட வேண்டும். மதகு பழுதுறும். உத்தரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்து, 919, 921 ஆகிய ஆண்டுகட்குரிய கல்வெட்டுகள், குடவோலையால் ஏரி வாரியத்தார் தேர்ந்தெடுக்கப்பட்ட முறையை எத்துணை நுட்பமாகக் கூறுகின்றன! ஏரியைக் காக்க ஒரு தனி வாரியம், அதற்கு ஓராண்டுத் தவணை, கணக்குக் காட்டாதவனுக்கு மறுமுறை தகுதியின்மை. போர் வந்தால் ஏரியை உடைக்கவே வேண்டியதில்லை. ஆட்கள் படைக்குச் சென்று மூன்றாண்டு தூர் எடாமல் விட்டால் போதும், ஊர் தானே அழியும். இந்த ஒரு விதியை ஆட்டத்திற் சேர்த்தால், தமிழ்நாட்டில் படையெடுப்பதன் உண்மையான விலை என்ன என்பது ஆடுவோனுக்கு ஒரே மணி நேரத்தில் விளங்கிவிடும்.

இதற்கு யானை நண்பர் தடை சொன்னார். "விளையாட வருபவன் சேறு அள்ளவா வருவான்?" நல்ல தடைதான். ஆயினும் இவ்வாட்டத்தின் அன்பர் யாரென்று அவர் எண்ணவில்லை. உப்பு விலை ஏறியதா, கம்பளி தேங்கியதா, களஞ்சியத்தில் எத்துணை மாதத் தானியம் என்று இரவெல்லாம் கணக்குப் பார்ப்பவர்கள் அவர்கள். நம் ஊர்க் கணக்குப்பிள்ளைமார் உயிரோடிருந்தால் முதற்பரிசு பெறுவர். அவர்களுக்கு ஏரிவாரியம் சேறு அன்று, தேன்.

கோயிலைப் பற்றி ஒரு சொல். இவ்வாட்டத்தில் பிரபுக்கள், குருமார், வணிகர், பொதுமக்கள் என நாட்டாரை வகுக்கிறார்கள். ஐரோப்பாவுக்கு இவ்வகுப்புப் பொருந்தும். திருவண்ணாமலைக் கோயிலைக் குருமார் வகுப்பில் அடைத்தால் பொருந்தாது. கோயில் நிலம் உடையது, பொன் கடன் கொடுப்பது, ஏரி வெட்டுவிப்பது, ஒருவர் விளக்கெரிக்க 96 ஆடு விட்டால், அவை குறையாது பெருகும் என்னும் கணக்கில் "சாவா மூவாப் பேராடு" என்று கல்லில் வெட்டி, இடையரிடம் ஒப்படைத்து, நாடோறும் நெய் அளக்கச் செய்வது. இது குருமாரா, வங்கியா, ஊராட்சியா? மூன்றும். யான் கோயிலுக்குள் வழிபடச் செல்பவன் அல்லன். கல்வெட்டுப் பார்க்கச் சென்றவன். அந்தச் சுவரைப் படித்தபோது, சமயத்தைப் பற்றிப் படித்ததைவிட ஆட்டையும் நெய்யையும் நிலத்தையும் பற்றியே மிகுதியாய்ப் படித்தேன்.

மொழியும் அப்படியே. வல்லாளன் கன்னடக் குடியில் வந்தவன். தமிழ்நாட்டில் அவன் காலத்துக் கல்வெட்டுகள் தமிழில் உள. ஆட்டத்தின் படத்தில் ஒவ்வொரு நாட்டிற்கும் ஒரு வண்ணம் பூசி, "இவன் கன்னடன், இவன் தமிழன்" என்று கோடு கிழித்தால், தமிழர் அவனை அயலானாக எண்ணிக் கலகம் செய்ய வேண்டும் என்று கணினி முடிவு செய்யும். அருணையார் கலகம் செய்தாரில்லை. அவனைப் புராணத்தில் வைத்தனர்.

இவையெல்லாம் புதிய கண்டுபிடிப்புகள் அல்ல. திருவண்ணாமலைக் கோயிலின் கல்வெட்டுகளைப் புதுச்சேரிப் பிரெஞ்சு நிறுவனத்தார் 1990-ஆம் ஆண்டளவிலேயே தொகுத்து அச்சிட்டுவிட்டனர். பிரெஞ்சுக்காரர் அச்சிட்டதைப் படித்து, ஸ்பெயினில் ஆட்டம் செய்வோர்க்குச் சொல்ல வேண்டியவர் யார்? பாட்டும் உரையும் பரீட்சைக்காக மனனம் செய்யும் நாம், நூறு அடி தூரத்தில் இருக்கும் சுவரைப் படிப்பதில்லை. பரீட்சையில் அது வருவதில்லை என்பர் நம் தோழர். உண்மைதான். ஆயினும் வெளிநாட்டு ஆட்டக்காரன் ஒருவன் "வல்லாளன் தலைநகர் எது?" என்று கேட்டு, அங்கே பிறந்தவன் பெரிய கோபுரத்தைக் காட்டினால் அவமானம் யாருக்கு? காட்டியவன் யான் என்பதால் உரிமையோடு கேட்கிறேன். இனி எத்துணையோ ஆயிரம் பிள்ளைகள் வல்லாளனை முதன்முதலில் காணப்போவது பாடநூலில் அன்று, இந்த ஆட்டத்தில்தான். ஆட்டம் வெளிவந்துவிட்டதே, இனிக் கேட்டுப் பயன் என்ன என்பார்க்கும் விடை உண்டு. இக்காலத்து ஆட்டம் அச்சான புத்தகம் போன்றதன்று. வெளிவந்த பின்னும் திருத்தங்களும் சேர்க்கைகளும் ஆண்டுக்கணக்கில் வந்துகொண்டே இருக்கும். நான்காம் பாகத்திற்கு அங்ஙனமே நடந்தது.

எனவே நாங்கள் நால்வரும் ஒரு விண்ணப்பம் எழுத முற்பட்டோம். ஏரி, கோயிலின் நிலமும் ஆடும், பெயரும் தலைநகர், பதினான்கு நாள் தவணை, மதுரைப் பக்கம் நின்று ஆடுவோனுக்கும் முழுமையான கதை. இவையெல்லாம் அதில் உண்டு. யானைத் தொகையை நண்பர் தாமே அடித்துவிட்டார். ஒன்றில் மட்டும் இன்னும் உடன்பாடு ஏற்படவில்லை.

அருணாசல புராணத்தின்படி வல்லாளனுக்குப் பிள்ளை இல்லை. இறைவன் அடியவர் வேடத்தில் வந்து சோதித்து, அரசி சல்லமாவின் கையில் குழந்தையாகி, உமக்கு யாமே மகனாய் இறுதிக்கடன் செய்வோம் என்று வாக்களித்தான். இன்றும் மாசித் திங்களில் அண்ணாமலையார் பள்ளிகொண்டாப்பட்டிற்கு எழுந்தருளி, கௌதம நதிக்கரையில் வல்லாள மகாராசனுக்குத் திதி கொடுக்கிறார். ஆண்டுதோறும் அவ்வூர்வலத்தைச் சாலையோரத்தில் நின்று பார்த்து வளர்ந்தவன் யான். வரலாறோ வேறு சொல்கிறது: அவனுக்கு விரூபாட்சன் என்னும் மகன் உண்டு; தந்தைக்குப் பின் நான்காம் வல்லாளனாக முடிசூடி, சில ஆண்டுகளில் மறைந்தான்; அத்துடன் போசளர் ஆட்சி முடிந்தது. ஆட்டத்தில் மகன் இருக்க வேண்டும், இல்லாவிடில் பொய். மகனை வைத்தால் திதி எங்கே நிற்கும் என்பது வழக்கு.

மதுரை நண்பர், ஊர் நம்புவதும் ஊரின் வரலாறுதானே, இரண்டையும் வைக்கலாம் என்கிறார். யானை நண்பர் மகனை நீக்கலாம் என்கிறார். எனக்கு வேதாகமத்துச் சவுல் அரசனின் நினைவு வருகிறது. அவன் உடலையும் பெலிஸ்தர் பெத்சானின் மதிலில் தூக்கினர்; கீலேயாத்தின் யாபேசூரார் இரவெல்லாம் நடந்து சென்று, அதனை இறக்கி வந்து அடக்கம் செய்தனர். மதுரை மதிலிலிருந்து வல்லாளனை இறக்கச் சென்றவர் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. எங்கள் ஊர் ஆண்டுதோறும் நதிக்கரைக்குப் போய்த் தேடுவது அதைத்தான் போலும். அதனை ஆட்டத்தில் எந்த எண்ணால் குறிப்பது என்று எங்கள் நால்வருக்கும் தெரியவில்லை. விண்ணப்பத்தில் அந்த இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறோம். மாசி மகத்தன்று நால்வரும் பள்ளிகொண்டாப்பட்டிற்குச் சென்று பார்த்துவிட்டு எழுதுவதென்று முடிவு.